ஆடுகிற கொமட்டை அடக்குவது எப்படி?

கண்டியில் வீதி ஏறும், இறங்கும். வீடுகளும் மலைச்சரிவில்தான் நிற்கின்றன. அந்த நகரத்தில் தானாகவே மட்டமாக இருப்பது எது என்று கேட்டால், கண்டி வாவியைக் காட்டலாம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807இல் அமைத்த வாவி அது. புவியீர்ப்பு நீரை எப்போதும் தாழ்ந்த பக்கத்துக்கே இழுப்பதால், காற்றில்லாத காலையில் அதன் நீர்ப்பரப்பு மேடுபள்ளம் இல்லாமல் கிடக்கும்.

நாம் போடும் தரைக்கு அந்த ஒழுங்கு தானாக வராது. பழைய குளியலறையைப் புதுப்பிக்கும்போது பாருங்கள். கொமட்டைக் கழிவுக் குழாயோடு இணைக்கத் தரையில் ஒரு வட்ட வளையம் பொருத்துவார்கள். பிளம்பர்கள் அதை பிளாஞ்ச் என்பார்கள். பழைய சீமெந்து ஒரு பக்கம் மேடாக மீந்திருந்தால் வளையம் சாய்ந்துவிடும். சில மில்லிமீற்றர் சாய்வே போதும், மேலே வைக்கும் கொமட் ஆடத் தொடங்கும்.

மேடுபள்ளத் தரையிலும் முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும். கவனித்திருக்கிறீர்களா? எந்த மூன்று புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு ஒரு சமதளம் போகும். நாலாவது புள்ளியும் அதே தளத்தில் விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொமட்டின் அடியோ நீள்வட்ட விளிம்பு. அது தரையைத் தொட வேண்டிய புள்ளிகள் ஏராளம். அதனால் உயர்ந்த இடங்களில் மட்டும் தங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது.

ஆடினால் என்ன என்று விட்டுவிட முடியாது. கொமட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ரப்பர் அல்லது மெழுகு அடைப்பு இருக்கிறது. ஆட ஆட அது ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் இடைவெளி விடும். கழிவுநீர் டைலுக்கு அடியில் கசியும். சாக்கடை வாயு மேலே வரும்.

"கொமட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கிறதே, அது வாயுவைத் தடுக்காதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்கொட்லாந்துக் கடிகாரக் கைவினைஞர் 1775இல் காப்புரிமை பெற்ற உபாயம் அது. வளைந்த குழாயில் தேங்கும் நீர், வாயுவுக்குப் பூட்டு. ஆனால் பிளாஞ்ச் அந்தப் பூட்டைத் தாண்டி, சாக்கடைப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஓட்டை விழுந்தால் நீர்ப்பூட்டால் ஒன்றும் செய்ய முடியாது. சாக்கடை வாயுவில் இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் தரும் ஐதரசன் சல்பைட்டை மூக்கு உடனே பிடித்துவிடும். அதே வாயுவில் கலந்திருக்கும் மெதேனுக்கோ தனியாக மணமே இல்லை, தீப்பிடிக்கவும் கூடியது.

சரிசெய்ய வந்தவர் முதலில் ரசமட்டத்தை எடுப்பார். அதன் கண்ணாடிக் குழாயில் திரவமும் ஒரு காற்றுக் குமிழியும் இருக்கும். கனமான திரவம் தாழ்ந்த பக்கம் ஓட, குமிழி உயர்ந்த பக்கம் ஒதுங்கும். மேடு தெரிந்ததும் அதைத் தேய்த்து இறக்குவார், பள்ளத்தில் பிளாஸ்டிக் ஆப்பு வைப்பார். வளையம் புது டைலை விடத் தாழ்ந்திருந்தால் மேலே இன்னொரு வளையம் சேர்ப்பார். போல்ட்டை இறுக்கி ஆட்டத்தை நிறுத்தப் பார்ப்பதுதான் பெரிய தவறு. பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும். வளைக்கப் போனால் விரிசல் விடும்.

இவ்வளவு கவனம் வீட்டுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். வாவியிலிருந்து புறப்படும் மெத எல கால்வாய் மகாவலியில் போய்ச் சேர்கிறது. வீட்டுக் கழிவு கசிந்து அதில் கலந்தால் ஆறே கெடும். நகரக் கழிவுநீரைக் கன்னொருவையில் சுத்திகரிக்க ஜப்பானின் கடனுதவியோடு ஒரு திட்டமே நடத்தப்பட்டது.

உங்கள் வீட்டில் வேலை முடிந்ததும் பெரியவர்களோடு ஒரு சோதனை செய்யுங்கள். கொமட் தண்ணீரில் உணவுச் சாயம் கலந்து, அடியைச் சுற்றி வெள்ளைக் காகிதம் விரித்து, சில தடவை தண்ணீர் அடியுங்கள். காகிதத்தில் நிறம் ஏறினால் அடைப்பை மறுபடி கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.