ஆங்கில நாட்டுச் சிற்றூர்க் கால்பந்தாட்டம்

கால்பந்தாட்டம் என்றவுடன் நம் மாணவர் நினைவிற்கு வருவன மான்செஸ்டர், லிவர்பூல், இலண்டன் முதலிய பெருநகர்க் கழகங்களே. அவற்றின் ஆட்டக்காரர் பெயர்களை விடுதி அறைதோறும் கேட்கலாம். ஆனால் ஓர் ஆலமரத்தின் உயரத்தைக் கண்டு வியப்போர், மண்ணினுள் மறைந்து கிடக்கும் அதன் வேர்களை நினைப்பது அரிது. அங்ஙனமே ஆங்கில நாட்டுப் பந்தாட்டத்தைப் பேசுவோர், அதற்கு வேராக நிற்கும் சிற்றூர்க் கழகங்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அவற்றுள் ஒரு வட்டாரத்தைச் சார்ந்த கழகங்கள் ஆடும் நார்தர்ன் லீக் என்னும் போட்டி நடைபெறும் முறையை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். இத்தகைய கழகங்களை ஆங்கிலேயர் 'நான் லீக்' கழகங்கள் என்பர். லீக் ஒன்றிலும் சேராதவை என்று இதற்குப் பொருள் கொள்வது பிழையாம். இவையும் ஏதேனும் ஒரு லீகில் ஆடுவனவே. 1888-இல் தோன்றிய புட்பால் லீக் என்னும் பழைய அமைப்பையும், அதினின்று 1992-இல் பிரிந்த பிரிமியர் லீகையும் சாராதவை என்பதே இச்சொல்லின் கருத்து. அவ்விரண்டிலும் சேர்ந்து ஆடுவன 92 கழகங்கள். ஏனைய யாவும் இவ்வரம்பிற்கு வெளியே நிற்பனவாம்.

இனி, இக்கழகங்களெல்லாம் ஒரு கோபுரத்தின் நிலைகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. உச்சியில் பிரிமியர் லீக். அதன்கண் 20 கழகங்கள். அதன்கீழ் மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 24 கழகங்கள். ஐந்தாம் நிலையில் நாடு முழுமைக்கும் பொதுவான பிரிவு ஒன்று உளது. ஆறாம் நிலையில் அது வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிகின்றது. ஏழாம் நிலையில் நான்கு பிரிவுகளும், எட்டாம் நிலையில் எட்டும், ஒன்பதாம் நிலையில் பதினாறும் உள்ளன. கீழே இறங்க இறங்கப் பிரிவுகள் பெருகுவானேன்? கழகம் சிறிதாகுந்தோறும் அதன் கைப்பொருளும் சுருங்குகின்றது. நெடுந்தொலைவு செல்ல வண்டிச்சத்தம் கொடுக்க இயலாது. பகலெல்லாம் தொழில் செய்யும் ஆட்டக்காரர் மாலையில் ஆடி, இரவே வீடு திரும்பவும் வேண்டும். ஆதலின் அண்டை அயலூர்களுக்குள்ளேயே போட்டி நிகழுமாறு வட்டாரந்தோறும் பிரித்துவைத்தனர்.

நார்தர்ன் லீக் ஆங்கில நாட்டின் வடகிழக்கு மூலைக்கு உரியது. டர்ஹாம், நார்தம்பர்லாந்து ஆகிய பகுதிகளும், டைன், வியர், டீஸ் ஆகிய ஆறுகளின் கரையிலுள்ள ஊர்களும் இதன் நிலப்பரப்பாம். பென்னைன் மலைக்கு அப்பாலுள்ள பென்ரித் போன்ற கழகமும் இதில் நெடுங்காலம் ஆடியுள்ளது. இதற்கு இரண்டு பிரிவுகள் உள. முதற்பிரிவு ஒன்பதாம் நிலையிலும், இரண்டாம் பிரிவு பத்தாம் நிலையிலும் நிற்கின்றன. ஆகஸ்டு மாதத்தில் ஆட்டம் தொடங்கி அடுத்த ஆண்டின் வேனிற்றொடக்கத்தில் முடியும். ஒரு பிரிவிலுள்ள ஒவ்வொரு கழகமும் ஏனைய ஒவ்வொன்றோடும் இருமுறை ஆடும். ஒருமுறை தன் ஊரிலும், மற்றொருமுறை எதிரியின் ஊரிலுமாம். ஒரு பிரிவில் 22 கழகங்கள் இருப்பின், ஒரு கழகம் 42 ஆட்டங்கள் ஆடவேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்குப் புள்ளியில்லை. புள்ளிகள் ஒத்திருப்பின், போட்ட கோல்களினின்று வாங்கிய கோல்களைக் கழித்து வருவது கொண்டு முன்பின் வரிசை துணிவர்.

ஆண்டிறுதியில் முதற்பிரிவில் தலைமை பெற்ற கழகம் எட்டாம் நிலைக்கு ஏறும். அதற்கு அடுத்த இடங்களைப் பெற்றோர் தமக்குள் மீண்டும் ஆடி, வென்றவர் ஏறுவர். அடியில் நிற்போர் இரண்டாம் பிரிவிற்கு இறங்குவர். இரண்டாம் பிரிவினின்று மேலே வருவோரும், அதனினும் கீழான வியர்சைடு லீக், நார்தர்ன் அலையன்ஸ் ஆகியவற்றிலிருந்து புதிதாகப் புகுவோரும் உண்டு. ஆயினும் ஆட்டத்தில் வென்றால் மட்டும் போதாது. இரவு ஆட்டத்திற்கு உயர்ந்த மின்விளக்குகள், காண்போர் அமரக் கூரையிட்ட மேடை, ஆடுகளத்தைச் சூழ்ந்த தடுப்பு, உடைமாற்றும் அறைகள் முதலியன அந்தந்த நிலைக்கு வகுத்த அளவில் உளவா என்று கால்பந்துச் சங்கத்தார் ஆராய்வர். இவை குறைவுபடின் ஏறும் உரிமையும் கைநழுவும். இன்னும், எந்நிலையில் எக்கழகம் எவ்வட்டாரத்தைச் சேர்வது என்பதையும் சங்கத்தாரே ஆண்டுதோறும் வரையறுப்பர். ஆதலின் எல்லையோரத்திலுள்ள கழகம் ஏறாமலும் இறங்காமலும் பக்கவாட்டில் வேறொரு லீகிற்கு மாற்றப்படுவதும் உண்டு.

ஏறுவதற்கு விரும்பாதார் உளரோ என நண்பர்கள் வினவலாம். உளர். இந்த லீகின் வரலாற்றில் நம் சிந்தனையைப் பெரிதும் தூண்டும் பகுதி இதுவேயாம். மேல்நிலைகள் ஏணிபோல் அமைக்கப்பட்ட பின்னரும் நார்தர்ன் லீக் 1991 வரை அதனுட் புகாமல் தனித்து நின்றது. புகுந்த பின்னரும், தலைமை பெற்ற கழகங்கள் சில, "எமக்கு ஏற்றம் வேண்டா" என மறுத்தன. ஏறினால் யார்க்ஷயருக்கும் அதற்கு அப்பாலும் சென்று ஆடவேண்டும், வழிச்செலவோ மிகுதி, அண்டையூராரோடு ஆடும்போது திரளும் கூட்டமும், அதனால் வரும் நுழைவுப் பணமும் குறையும். தன்மானத்தோடு சிறுகுடியில் வாழ்வதா, கடன்பட்டுப் பெருமனையில் வாழ்வதா என்னும் வினா இது. பின்னாளில் சங்கத்தார் ஏற்றத்தை மறுக்கலாகாது என விதி செய்தனர். இரு திறத்தார் கூற்றிலும் நியாயம் உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது. ஏறும் வழி அடைபடின் போட்டி உயிரற்றதாகும். ஏறுவோர் வறுமையால் வீழின் ஊர் தன் கழகத்தையே இழக்கும்.

இவ்வேணி ஏறுவதற்கு மட்டுமன்று, வீழ்ந்தாரைத் தாங்குதற்கும் உரியது. டார்லிங்டன் கழகம் பல்லாண்டுகள் மேலான 92 கழகங்களுள் ஒன்றாய் விளங்கியது. பொருள்முடையால் அது நிலைகுலைந்தபோது, ஊரார் அதனை மீண்டும் எழுப்பினர். சங்கத்தார் அதனைப் புதிய கழகமாகவே கருதி, 2012-இல் நார்தர்ன் லீகில் வைத்தனர். டார்லிங்டன் 1883 என்னும் பெயரோடு ஆடிய அது, அடுத்து முடிந்த பருவத்திலேயே தலைமை பெற்று ஏறத் தொடங்கியது.

லீக் ஆட்டங்களேயன்றிக் கோப்பைப் போட்டிகளும் உள. அவற்றுள் எப்.ஏ. கோப்பை நாடு முழுமைக்கும் பொதுவானது. ஒன்பதாம் நிலைக் கழகம் அதன் முதற்சுற்றை எட்டவே ஆறு தகுதிச் சுற்றுகளை வெல்லவேண்டும். பிரிமியர் லீக் கழகங்கள் புகும் மூன்றாம் சுற்றை எட்ட இன்னும் இரண்டு வெல்லவேண்டும். இது எளிதன்று, எனினும் நிகழாததுமன்று. 1978-இல், அக்காலை இந்த லீகில் ஆடிய பிளித் ஸ்பார்ட்டன்ஸ், ஸ்டோக் சிட்டியை 3-2 என வென்று ஐந்தாம் சுற்றை அடைந்தது. ஆங்கு ரெக்ஸத்தோடு வெற்றிக்கு மிக அணித்தாய் இருக்கையில், ஆட்டம் முடியுந் தறுவாயில் எதிரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தான். மறு ஆட்டம் நியூகாசில் நகரின் பெருங்களத்தில் நிகழ, 42,000-க்கு மேற்பட்டோர் கூடினர். பிளித் 1-2 எனத் தோற்றது. ஆயினும் அத்தோல்வியை அவ்வூரார் இன்றும் பெருமையோடு பேசுவர்.

ஒன்பது, பத்தாம் நிலைக் கழகங்களுக்கென்றே அமைந்தது எப்.ஏ. வேஸ் என்னும் போட்டி. அதன் இறுதி ஆட்டம் இலண்டனிலுள்ள வெம்பிளி அரங்கில் நிகழும். 2009 முதல் 2017 வரையுள்ள ஒன்பது ஆண்டுகளுள் எட்டில் நார்தர்ன் லீக் கழகங்களே வாகை சூடின. விட்லி பே தொடர்ந்து மூன்று முறை வென்றது. பின் டன்ஸ்டன், ஸ்பென்னிமூர், நார்த் ஷீல்ட்ஸ், மார்பெத், சௌத் ஷீல்ட்ஸ் ஆகியவை வென்றன. ஏற்றத்தை நாடாத வலிய கழகங்கள் பல ஒருங்கே தங்கியிருந்ததும் இவ்வெற்றிக்கு ஒரு காரணமாகலாம்.

இந்த லீகின் பழமையும் சிறியதன்று. 1889-இல் தோன்றிய இது, இன்று வழங்கும் கால்பந்து லீக்குகளுள் புட்பால் லீகிற்கு அடுத்த பழமையுடையது. ஊதியம் பெறாது ஆடுவோர்க்குரிய அமெச்சூர் கோப்பை 1974-இல் முடிவுறும் வரை, அதில் இவ்வட்டாரத்தார் பெரும்புகழ் ஈட்டினர். பிஷப் ஆக்லாந்து அக்கோப்பையைப் பத்து முறை வென்றது. அவ்வூர் ஆயர் மாளிகையில் இறையியல் பயின்ற ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் தொடங்கிய ஆட்டமே அக்கழகத்திற்கு மூலம். அவ்விரு பல்கலைக்கழகங்களின் கருநீலமும் வெளிர்நீலமும் இன்றும் அதன் உடையில் விளங்குகின்றன. 1954-இல் அக்கோப்பையின் இறுதியில் பிஷப் ஆக்லாந்தும், சில கல் தொலைவிலுள்ள குரூக் டவுனும் எதிர்ப்பட்டன. வெம்பிளியில் 1,00,000 பேர் காண நிகழ்ந்த ஆட்டம் 2-2 எனச் சமனாயிற்று. இரண்டாம் ஆட்டமும் அங்ஙனமே. மூன்றாவதில் குரூக் 1-0 என வென்றது. 1958-இல் மியூனிக் நகரில் நேர்ந்த வானூர்தி விபத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் தன் ஆட்டக்காரர் பலரை இழந்து தவித்தபோது, பிஷப் ஆக்லாந்திலிருந்து மூவர் சென்று உதவினர். அவருள் ஒருவரான வாரன் பிராட்லி, பள்ளியாசிரியர். மறு ஆண்டே ஆங்கில நாட்டிற்காகவும் ஆடினார். பெரியோர்க்குச் சிறியோர் துணையாகுங் காலமும் உண்டன்றோ!

மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்லாது விடல் இயலாது. வெஸ்ட் ஆக்லாந்து என்பது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த சிற்றூர். அவ்வூரார் 1909-இல் இத்தாலி நாட்டுத் தூரின் நகருக்குச் சென்று, பல நாட்டுக் கழகங்கள் கலந்த போட்டியில் வென்றனர். 1911-இல் மீண்டும் சென்று, யுவெண்டஸ் கழகத்தை 6-1 என வீழ்த்தினர். அக்கோப்பையை ஈந்தவர் சர் தாமஸ் லிப்டன். அவர் செல்வம் பெருகியதற்கு இலங்கை மலைநாட்டுத் தேயிலையும் ஒரு காரணமாம். அத்தேயிலையைக் கொய்தவரோ நம் தமிழ் மக்கள். கொழுந்து கிள்ளிய கையின் உழைப்பும், கரி வெட்டிய காலின் விளையாட்டும் ஒரு வெள்ளிக் கோப்பையில் கூடியதை எண்ணுங்கால் நெஞ்சம் நெகிழ்கின்றது.

அச்சுரங்கங்கள் இன்று இல்லை. டர்ஹாம் கடற்கரையின் பெருஞ்சுரங்கமாகிய ஈசிங்டன் 1993-இல் மூடப்பட்டது. தொழில் போயிற்று, இளைஞர் பலர் வேற்றூர் சென்றனர். எஞ்சியவற்றுள் ஒன்று பந்தாட்டக் கழகமாம். சனிக்கிழமைதோறும் ஊதியமின்றி ஒருவர் புல் செதுக்கிக் கோடு வரைகிறார். ஒருவர் வாயிலில் நுழைவுச் சீட்டு விற்கிறார். ஒருவர் தேநீர் காய்ச்சுகிறார். காண வருவோர் சில நூற்றுவரே. ஆயினும் மழையிலும் பனியிலும் அவர் வருகின்றனர்; தம் ஊரின் பெயர் இன்னும் ஒருமுறை உரக்கச் சொல்லப்படுவதைக் கேட்கவே வருகின்றனர் போலும்.

ஆகவே, அன்பர்காள்! பெருங்கழகங்களின் வெற்றியைக் கொண்டாடும்போது, ஒன்பதாம் நிலையில் ஓய்வின்றி ஆடும் இச்சிற்றூராரையும் சற்றே நினைவோமாக. நம் கல்லூரித் திடலில் மாலைதோறும் பந்து உதைக்கும் நம்மவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உச்சியை அடைவார் சிலரே. ஆட்டத்தை உயிரோடு காப்பவரோ அடியில் நிற்கும் பலர்.