சோடியத்தின் துணையும் குடலின் வாயிலும்

உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் பருக்கும். உப்புத் தூவிய வெள்ளரித் துண்டு நீர் கசிந்து துவளும். வகுப்பிற் செய்து காட்டத்தக்க இவ்விரண்டிற்கும் விதி ஒன்றே: செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலை நோக்கி நீர் சவ்வினூடே செல்லும். உப்பிற்கும் சர்க்கரைக்கும் அவ்வழி எளிதன்று. உயிரணுச் சவ்வு கொழுப்பாலான ஈரடுக்காதலின், அவை அதிற் பதிந்துள்ள புரதங்களாகிய வாயில்கள் வழியாகவே புகவேண்டும்.

சிறுகுடலில் உள்ள ஒரு வாயில் விந்தையானது. சோடியம் உடன்வந்தாலன்றி அது குளுக்கோசை ஏற்பதில்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுடன் இரண்டு சோடியம் அயனிகள் உட்செல்லும். நீர் அவற்றைப் பின்தொடரும். சோடியத்தோடு இணைந்த இப்போக்கினை ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் எடுத்துரைத்தார்.

காலரா நச்சுப்பொருள் குடலணுக்களிலிருந்து குளோரைடை இடைவிடாது வெளியேற்றுகிறது. சோடியமும் நீரும் உடன் வெளியேறுகின்றன. நோயாளி ஒரே நாளிற் பல லிட்டர் நீரை இழக்கலாம். ஆயினும் மேற்கூறிய வாயிலை அந்நஞ்சு மூடுவதில்லை. மருத்துவம் பற்றிக்கொண்டது இதனையே.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமிற் காலராவால் மடிந்தனர். சிரைவழி செலுத்தும் உப்புநீர் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையற் சோடா வீதம் கரைத்து, உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாயிருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே தாழ்ந்தது. ஊசியையும் குழாயையும் பெரிதும் சாராமல் நிகழ்ந்தது இது!

உலகச் சுகாதார நிறுவனம் 2002-இல் கலவையைத் திருத்தி, லிட்டருக்குச் சோடியமும் குளுக்கோசும் 75 மில்லிமோல் வீதம் சமமாக அமைத்தது. அளவு தவறலாகாது என்பதற்குக் காரணம் வெள்ளரித் துண்டிலேயே உளது. ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரிற் கரைத்தால், அச்செறிந்த கரைசல் உடலின் நீரையே குடலுக்குள் இழுக்கும். குருதியிற் சோடியமும் மிகும். குழந்தைக்கு இது பேரிடர்.

களப்பணியாளர் தாய்மாரிடம் மற்றொன்றையும் முன்கூட்டியே கூறுதல் நன்று. இக்கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும், அவ்வளவே. இதனை அறியாத தாய், "மருந்து கேட்கவில்லை" என்றெண்ணி இரண்டாம் வேளையிலேயே நிறுத்திவிடுகிறாள். பேதி நீடிக்கும் வரை, ஒவ்வொரு முறை கழிந்த பின்னும், சிறிது சிறிதாகப் புகட்டிவரல் வேண்டும்.