சுழலில் சிக்கும் சுவிட்ச்

சிறிய அலுவலகங்களில் மேசைக்கடியில் பச்சை விளக்குகள் சிமிட்டும் ஒரு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் எட்டுத் துளைகளிலிருந்து எட்டுக் கணிப்பொறிகளுக்கு வடங்கள் செல்கின்றன. இதற்குச் 'சுவிட்ச்' என்று பெயர். (மின்விளக்குச் சுவிட்சுக்கும் இதற்கும் உறவில்லை.)

கணிப்பொறி அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இரண்டு உறைகள். மேலுறையில் அனுப்புநர், பெறுநர் இருவரின் 'மேக்' முகவரிகளும் இருக்கும். இவை 48 பிட் நீளமுள்ளவை. சுவிட்ச் இந்த மேலுறையை மட்டுமே படிக்கிறது.

எந்தத் துளையில் யார் இருக்கிறார் என்று சுவிட்சுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பின் எப்படித் தெரிகிறது? மூன்றாம் துளையில் ஒரு பொட்டலம் நுழைந்தால், அதன் அனுப்புநர் மூன்றாம் துளையில் இருப்பதாகத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பெறுநர் அட்டவணையில் இல்லையென்றால், வந்த துளை நீங்கலாக மற்ற எல்லாத் துளைகளிலும் பிரதிகளை அனுப்பிவிடுகிறது. உரியவர் பதில் எழுதியதும் அவருடைய இடமும் தெரிந்துவிடும். அழகான முறை அல்லவா?

ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. தரையில் கிடக்கும் ஒரு வடத்தின் இரு முனைகளையும் யாரோ ஒரே சுவிட்சில் செருகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 'எல்லோருக்கும்' என்று முகவரியிட்ட பொட்டலம் அவ்வடத்தின் ஒரு முனையில் வெளியேறி மறுமுனையில் உள்ளே வரும். மறுபடி எல்லாத் துளைகளுக்கும் போகும். மறுபடி திரும்பி வரும். இதற்கு முடிவே இல்லை. சில நொடிகளில் அலுவலகம் முழுவதும் இணைப்பு ஸ்தம்பித்துவிடும். விளக்குகள் மட்டும் வெகு மும்முரமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும்! கணிப்பொறிகளைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. அந்த வடத்தைப் பிடுங்கினால் போதும். இத்தகைய சுழல்களைக் கண்டறிந்து அடைக்கும் வழிமுறையை 1985-ல் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் வகுத்தார். விலை குறைந்த சுவிட்சுகள் பலவற்றில் அது இல்லை.

ரூட்டருக்கு இந்தச் சங்கடம் ஏன் இல்லை? அது உள்ளுறையிலுள்ள ஐ.பி. முகவரியைப் படித்து, ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பொட்டலத்தைக் கடத்துகிறது. அந்த உறையில் ஓர் ஆயுள் எண்ணும் உண்டு. பெரும்பாலும் 64 அல்லது 128. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கிறது. பூஜ்யமானால் பொட்டலம் குப்பைக்குப் போகும். ஆகவே வழிதவறிச் சுற்றும் பொட்டலமும் ஒருநாள் சாகும். மேலுறையில் அப்படி ஓர் எண்ணே கிடையாது.

வீட்டுக்கு இணைய இணைப்புத் தருபவர்கள் மாட்டும் பெட்டியில் பெரும்பாலும் ரூட்டர், சிறு சுவிட்ச், வைஃபை மூன்றும் சேர்ந்தே இருக்கும். அதில் துளைகள் போதவில்லையா? இன்னொரு சுவிட்ச் வாங்குங்கள். ரூட்டரை வாங்கி வழக்கப்படி மாட்டினால் அதன் பின்னே தனி வலையமைப்பு உருவாகிவிடும். அடுத்த அறை பிரிண்டர் 'காணவில்லை' என்று பிள்ளைகள் புகார் சொல்வார்கள்.