ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் ஊர்: கூரம் செப்பேட்டிலிருந்து காஞ்சிப் புதுநகர் வரை

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. காஞ்சிபுரமும் சுற்றுப்புறமும் அதற்குள் வந்தன. காஞ்சிபுரத்துக்குத் தனியே புதுநகர் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலையையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) கையில் எடுத்தது. செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையை ஒட்டிய வயல்களில் மனைக் கற்கள் நடப்படுவதைப் பார்ப்பவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். “ஸ்டேஷன் பக்கம்” என்று சொன்னாலே மனை விலை ஏறிவிடுகிறது. ஆனால் ஸ்டேஷன் பக்கத்தில் மனை இருப்பது வேறு, ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் ஊர் உருவாவது வேறு.

இந்த இரண்டாவதற்கு மத்திய அரசு 2017-இல் ஒரு தேசியக் கொள்கையே வெளியிட்டது. நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரை, அதாவது சுமார் பத்து நிமிட நடைக்குள், வீடு, கடை, அலுவலகம், பள்ளி எல்லாம் கலந்தும் நெருங்கியும் அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. கலந்திருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வீடுகள் மட்டும் இருந்தால் காலையில் ஊர் முழுக்கச் சென்னைக்குப் புறப்பட்டுவிடும். பகலெல்லாம் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். மளிகைக் கடைக்கு வியாபாரம் ஆகாது. பால் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் பொதுவாக மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளம் கட்ட அனுமதிக்கின்றன. அகலமான சாலை இருந்தால், கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் கட்டலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதி நிலத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். விதிகளில் பெரிய குறை இல்லை. குறை எங்கே என்றால், ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் தனித்தனியே ஒப்புதல் தரப்படுகிறது. ஒரு லேஅவுட்டின் முப்பதடிச் சாலை அடுத்த லேஅவுட்டின் மதில் சுவரில் போய் முட்டுகிறது. எல்லாமே “அப்ரூவ்டு”தான், ஆனால் ஸ்டேஷனுக்கு நடந்து போக நேர்வழி இருக்காது.

தமிழ்நாட்டில் ரயில் நிலையத்தை ஒட்டித் திட்டமிட்டு எழுந்த குடியிருப்புகளில் முதலில் பேச வேண்டியது தியாகராய நகர். 1920-இன் நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, மாம்பலம் பகுதியின் நீண்ட ஏரியைத் தூர்த்து மனைகள் போட்டார்கள். நடுவில் பனகல் பூங்கா, அதை நோக்கி வரும் அகலச் சாலைகள் என வரைபடம் அழகானது. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குப் போகும் ரங்கநாதன் தெரு முதலில் வீடுகள் இருந்த தெருதான். கூட்டம் நடக்கும் வழியில் கடை வந்தே தீரும். வரைபடம் இடம் ஒதுக்காவிட்டால் வீடுகளின் திண்ணையையும் நடைபாதையையும் எடுத்துக்கொண்டு வரும். அந்த நெரிசலுக்கு மேலே, நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023-இல்தான் திறக்கப்பட்டது.

ஏரியைத் தூர்த்ததற்கான கணக்கு இன்னும் தீரவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. 2015-லும் 2021-லும் தி.நகர்த் தெருக்களில் நின்ற தண்ணீர், தன் பழைய இடத்துக்குத்தான் வந்தது.

புதுநகர் வரவிருக்கும் காஞ்சி வட்டாரத்திலோ, ஏழாம் நூற்றாண்டில், ஏரியோடு சேர்த்தே ஓர் ஊரை அமைத்ததற்கான ஆவணம் நம் கையில் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு அது. ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நீர்வேளூர் நாட்டுக் கூரத்தில் கோயிலும் மண்டபமும் எழுப்பியதைச் சொல்லும் அந்த ஏடு, பரமேசுவரத் தடாகம் என்ற ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவரும் பெரும்பிடுகுக் காலையும் சொல்கிறது. தானமாகத் தந்த ஊரின் பங்குகளில் ஒன்று மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைக்க, இன்னொன்று அங்கே பாரதம் வாசிக்க. செக்கு, தறி, தரகு ஆகியவற்றிலிருந்து வரும் வருவாயும் கணக்கில் வருகிறது. குடியிருப்பு, நீர், தொழில், பொது இடம், அதைப் பராமரிக்கும் செலவு ஐந்தும் ஒரே ஆவணத்தில் அடங்கியிருக்கின்றன. இன்றைய மனைப்பிரிவு வரைபடங்களில் கடைசியாகச் சொன்ன பராமரிப்புச் செலவு எங்கும் இருப்பதில்லை. பூங்கா என்று ஒப்படைக்கப்பட்ட நிலத்தில் முள்செடி மண்டுவது அதனால்தான்.

ஆனால் அந்தச் செப்பேட்டின்படி இருபது பங்குகள் நான்கு வேதம் கற்ற பிராமணர்களுக்கு மட்டுமே தரப்பட்டன. ஏரியை வெட்டியவர்களுக்கும் செங்கல் சுமந்தவர்களுக்கும் அதில் பங்கு இல்லை. புதுநகர் அந்த அநியாயத்தைத் திரும்பச் செய்யக் கூடாது. நிலையத்தருகே நிலம் விலை ஏற ஏற, ரயிலை அதிகம் நம்பியிருக்கும் பட்டுத் தறிக்காரர், கட்டட வேலைக்காரர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைத் தொழிலாளி ஆகியோர்தான் முதலில் வெளியே தள்ளப்படுவார்கள். குறைந்த வாடகை வீடுகள் அந்த 800 மீட்டருக்குள்ளேயே வர வேண்டும். ஊருக்கு வெளியே தனிக் காலனியாக அல்ல.

ரயிலும் போதுமான அளவில் ஓட வேண்டும். அரக்கோணம்–காஞ்சிபுரம் இடையே 1865-லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் செங்கல்பட்டு–அரக்கோணம் இன்றும் ஒற்றைப் பாதை. கடற்கரை, தாம்பரம் நோக்கிப் போகும் மின்சார ரயில்கள் நாளுக்குச் சில மட்டுமே. எதிரே வரும் வண்டிக்காக நிலையத்தில் காத்திருக்கும் பாதையை நம்பி, பத்து மாடிக் கட்டடத்துக்கு யாரும் குடிவர மாட்டார்கள். வந்தாலும் பைக்கில்தான் வேலைக்குப் போவார்கள். இரண்டாம் பாதையும் கட்டட அனுமதியும் சேர்ந்தே நகர வேண்டும்.

புதுநகர்த் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது பொதுமக்களின் கருத்தும் ஆட்சேபமும் கேட்கப்படும். அப்போது நிலவகை வண்ணங்களைப் பார்ப்பதற்கு முன், கிராம வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து ஏரி, தாங்கல், வரத்துக்கால், கலங்கல் ஒவ்வொன்றின் சர்வே எண்ணையும் சரிபார்க்க வேண்டும். எந்த வரத்துக்கால் புதிய வரைபடத்தில் சாலையாக மாறியிருக்கிறதோ, அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சேபம் எழுதலாம். கிராம சபையில் தீர்மானமாகவும் வைக்கலாம்.