எரிமலையின் பின்கட்டில்

முன்வாசல் காட்சியை உலகமே பார்த்துவிட்டது. 1980 மே 18, காலை 8.32. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்து, உச்சியில் 400 மீட்டர் காணாமல் போனது. சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பில் காடு சாய்ந்து கருகியது. 57 பேர் இறந்த பெருந்துயரம் அது. அதன்பின் அந்தச் சாம்பலுக்குள் நடந்த கூத்தை எட்டிப் பார்க்கத்தான் இப்போது பின்கட்டுக்கு வந்திருக்கிறோம்.

முதல் ரகசியம், வெடித்த நேரம்! மே மாதமானாலும் மலைமேல் பனி உருகவில்லை. பனிக்கு அடியில் புதைந்துகிடந்த இளமரங்கள் தப்பின. உறைந்த ஏரிகளில் பனிக்கட்டி மூடிக்குக் கீழே தவளைகளும் சாலமாண்டர்களும் பிழைத்தன. இரவில் இரைதேடும் சிறு பிராணிகள் விடிந்ததும் வளைக்குள் போயிருந்தன. அதே மலை ஒரு கோடை நள்ளிரவில் வெடித்திருந்தால், பிழைத்தவர்கள் பட்டியலே வேறு!

அடுத்தவர்தான் நம் நாயகர்: கோஃபர். கன்னத்தில் பை வைத்துக்கொண்டு, மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, வேரைத் தின்னும் கொறிவிலங்கு. இவர் தோண்டத் தோண்டப் பழைய மண்ணும், அதிலிருந்த பூஞ்சை வித்துகளும் சாம்பலுக்கு மேலே வந்தன. வேர்களோடு கூட்டுச் சேர்ந்து சத்தும் நீரும் ஊட்டும் பூஞ்சைகள் அவை. 1983இல் ஆய்வாளர்கள் எரிமலை கக்கிய நுரைக்கல் வெளியில் சில இடங்களை வேலியடைத்து, கோஃபர்களை உள்ளே விட்டார்கள். ஒரே ஒரு நாள்தான்! ஆறே ஆண்டுகளில் அங்கே 40,000 செடிகள்!

வேலிக்கு வெளியே வெறும் நுரைக்கல். அதில் முதலில் தலைகாட்டியது லூபின் என்ற பயறு இனச் செடி. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவின் துணையோடு தழைச்சத்தைத் தயாரித்துக்கொள்ளும் கெட்டிக்காரி. சிலந்திகள் காற்றில் நூல் விட்டுப் பறந்தே வந்து இறங்கின. காட்டில் கால் வைக்காத வானம்பாடி இனம் ஒன்று, மரமற்ற வெளியைக் கண்டதும் குடியேறியது. புதிதாய் உருவான, வெயில் விழும் குட்டைகளில் தேரைகள் பெருகின.

1982இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தப் பகுதியை இயற்கையின் போக்குக்கே விட்டுவிடச் சட்டம் போட்டதால்தான் இத்தனையும் கண்ணில் பட்டது. அழிவுக்குப் பின் காடு எப்படி வளரும் என்பதில், மிஞ்சியிருப்பவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே, தீயோ புயலோ புரட்டிய காட்டைத் துப்புரவாக்க எந்திரத்தோடு ஓடுமுன், மண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள்!