வேலைக்குப் போன ஊர்கள் – 9: மலைத் தண்ணீரின் பின்னால்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ராத்திரியில்தான் இந்த ஊரைப் பார்க்கிறார்கள். பௌர்ணமி பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பை எங்கேயாவது பத்திரப்படுத்திவிட்டு, 14 கிலோமீட்டர் நடந்து, விடிகிற நேரத்தில் ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிடுகிறார்கள். கல்லூரிக் காலத்திலிருந்து நானும் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தேன். மலை, கோயில், கூட்டம். ஊர் என்று தனியாக ஒன்று மனதில் பதிந்ததே இல்லை.

இந்த முறை வேலையாக வந்தேன். ஆரணியில் பட்டு நெசவுக் கடன்களைப் பார்த்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். இங்கே என் மேஜைக்கு வந்தவை விவசாயக் கடன் கோப்புகள். நிலக்கடலைப் பயிர்க்கடன், கிணறு ஆழப்படுத்தக் கடன், போர் போடக் கடன், மோட்டார் மாற்றக் கடன். கோப்பைப் புரட்டப் புரட்டத் தண்ணீரைத் தேடி மண்ணுக்குள் போகிற கதையாகவே இருந்தது. கோப்புகளில் சமுத்திரம், வேங்கிக்கால், அடி அண்ணாமலை என்று ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. தண்ணீரின் பெயரையும் மலையின் பெயரையும் சுமக்கிற ஊர்களில் ஏன் இத்தனை கிணற்றுக் கடன் என்ற கேள்வி முதல் நாளே எனக்குள் உட்கார்ந்துவிட்டது. வங்கி பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை காலை நேரம் முழுக்க என் கையில் இருந்தது.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில், இன்றைக்கும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்டார்கள்; மட்கார்டில் நம்பர் எழுதிய சைக்கிள், நோட்டுப் புத்தகத்தில் பெயரும் நேரமும். ராசி அழகப்பனின் சிறுகதையிலிருந்து 2024-ல் வந்த 'குரங்கு பெடல்' படத்தில் அந்த உலகத்தைப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் பைக் வந்து அந்தக் கடைகளை மூடிவிட்டது. இங்கே மாதக்கணக்கில் வந்து தங்குகிற ஆசிரம யாத்ரீகர்கள் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

நான் போன கடையில் ஆதார் ஜெராக்ஸையும் முன்பணத்தையும் வாங்கிக்கொண்டு, கடைக்காரர் ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். சக்கரம் ஒரு இடத்தில் லேசாக ஒதுங்கி பிரேக் கட்டையை உரசியது. கம்பிச் சாவியை எடுத்து, ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை அதே அளவு தளர்த்தினார். மறுபடி சுழற்றினார். உரசல் நிற்கும்வரை அவர் பேசவில்லை. கோட்டம் எடுத்து முடித்த பிறகுதான் கேட்டார்:

"மலை சுத்தறதுக்காம்மா?"

"இல்லண்ணே, ஊர் பாக்கணும்."

"அப்ப கியர் வண்டி வேணாம், இதுவே போதும். பே கோபுரத்துப் பக்கம் மட்டும் நல்ல ஏத்தம். எறங்கித் தள்ளிக்கோங்க. திரும்பி வரும்போது மிதிக்கவே வேணாம்."

அவர் சொன்னதை மறுநாள் காலை கால்களே தெரிந்துகொண்டன. ராஜகோபுரம் கிழக்கே, பே கோபுரம் மேற்கே. 217 அடி உயர ராஜகோபுரத்தடியில் தேரடி வீதியில் நிற்கிறவனுக்கு ஊர் சமதரையாகத்தான் படும். வடஒத்தவாடைத் தெருவில் கோயில் மதிலை ஒட்டி மேற்கே மிதித்துப் பாருங்கள். பாதியிலேயே மூச்சு வாங்கும். காரிலோ ஆட்டோவிலோ போகிறவருக்கு அந்தச் சரிவு தெரியவே தெரியாது. மலை தன் மேல் விழுகிற மழையை எந்தப் பக்கம் அனுப்புகிறது என்பதை அந்தத் தெருவில் தொடையும் முழங்காலும் சொல்லிவிடுகின்றன. அதன் பிறகு என் காலை நேரம் முழுவதும் அந்தத் தண்ணீரின் பின்னாலேயே போனது.

கோயிலுக்குள்ளேயே இரண்டு குளங்கள், சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும். கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபம் கட்டி, பதினோரு நிலை ராஜகோபுரத்தைத் தொடங்கியபோது குளமும் வெட்டினார் என்பது கல்வெட்டுச் செய்தி. கோபுரத்தைத் தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில்தான் முடித்தார்கள். மலைச்சரிவில் இத்தனை பெரிய கட்டடம் எழுப்புகிறவர்கள் தண்ணீருக்கு முதலில் இடம் விட்டிருக்கிறார்கள். கோயிலை விட்டு வெளியே வந்தால் அருணகிரிநாதர் கோயிலை ஒட்டி அய்யங்குளம். கார்த்திகை தீபம் முடிந்ததும் தெப்பல் நடப்பது இங்கேதான். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயது வேங்கடராமன் இந்த ஊருக்கு வந்து இறங்கி, இந்தக் குளக்கரையில்தான் மொட்டை போட்டுக்கொண்டார். கையில் மிச்சமிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தையும் பலகாரப் பொட்டலத்தையும் குளத்துக்குள்ளேயே எறிந்தார். முழுகவும் நினைக்காமல் கோயிலை நோக்கி நடந்தவர் மேல் மழை கொட்டியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்தான் பிறகு ரமண மகரிஷி. குளத்தை அண்மையில் தூர்வாரிச் சீரமைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் படிக்கட்டில் நடைப்பயிற்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குளம் உயிரோடு இருந்தால் ஊர் தானாக அங்கே வந்து உட்காருகிறது.

செங்கம் ரோட்டில் தென்மேற்கே போனால் சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம், அதை ஒட்டிப் பாலி தீர்த்தம். இன்னும் மிதித்தால் எமலிங்கம், அருகே சிம்ம தீர்த்தம். மலையைச் சுற்றி முன்னூறுக்கும் மேலே தீர்த்தங்கள் இருந்தன என்று ஊரில் சொல்வார்கள். எண்ணிக்கையைப் பற்றி யாரும் சண்டை போடலாம். ஆனால் சைக்கிளில் போகிறவருக்கு ஒரு ஒழுங்கு கண்ணில் படும். லிங்கம் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குளம், குளத்துக்கு மேலே மலையிலிருந்து ஒரு ஓடை, குளத்துக்குக் கீழே வயல் அல்லது ஏரி. வழிபாடும் நீர்வழியும் ஒரே கோட்டில் போகின்றன. இதை அமைத்தவர்கள் தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பக்கத்து மழையெல்லாம் கடைசியில் போய்ச் சேர்கிற இடம் சமுத்திரம் ஏரி. செங்கம் ரோட்டிலிருந்து தெற்கே ரமணா நகர் தெருக்களுக்குள் புகுந்தால் பெடலை மிதிக்காமலே சைக்கிள் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறது. கோப்பில் படித்த சமுத்திரம் இதுதான். நான் போன காலையில் நடுவில் கொஞ்சம் தண்ணீர், மற்றதெல்லாம் புல்லும் கருவேலமும் மாடுகளும். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏரி ரொம்புனா ரெண்டு வருசத்துக்குக் கெணத்துக்குக் கவலையில்லம்மா. ரொம்பறதுதான் அபூர்வமாப் போச்சு" என்றார். கிணறு ஆழப்படுத்தும் கடன் கோப்புகளின் முன்கதை அந்த ஒரு பேச்சில் இருந்தது. ஏரிக்கு வர வேண்டிய வாய்க்கால்கள் மேல் லாட்ஜ்களும் வீட்டுமனைகளும் வந்துவிட்டன. விவசாயி ஏரிக்குப் பதிலாகக் கடன் வாங்கிப் பூமிக்குள் இறங்குகிறார். அன்றைக்குப் பத்து மணிக்கு மேஜைக்கு வந்த கோப்புகளை வேறு கண்ணோடு படித்தேன்.

அரசு கலைக் கல்லூரிப் பக்கம் திரும்பி கிரிவலப் பாதைக்குள் நுழைந்தால் காட்சி மாறுகிறது. சைக்கிளில் சுற்றுவது கிரிவலம் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி போல அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும் என்பது மரபு. அதை மதிக்கிறேன். அதனால் ஒருபோதும் இடமிருந்து வலம் என்ற திசையை மாற்றவில்லை, லிங்கங்களின் முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். எதிர்பாராமல் கிடைத்தது மலையின் முகங்கள். கோயில் பக்கம் ஒற்றைச் சிகரமாக நிற்கிற 2,668 அடி மலை, அடி அண்ணாமலைப் பக்கம் அகலமாகி, குபேரலிங்கத்தைத் தாண்டும்போது ஐந்து முகடுகளாகப் பிரிகிறது. பௌர்ணமி இரவில் கூட்டத்தோடு நடக்கும்போது முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்கிறோம்.

மலையின் தெற்குச் சரிவில் இன்றைக்குத் தெரிகிற பச்சை தானாக வந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் பழைய புகைப்படங்களில் அண்ணாமலை கிட்டத்தட்ட மொட்டைப் பாறை. 1980களின் கடைசியில் மரம் நட ஒரு சங்கம் உருவானது. பிறகு ஃபாரஸ்ட் வே என்ற அமைப்பு உள்ளூர்க் காட்டு மரங்களின் கன்றுகளை வளர்த்து வருடா வருடம் நட்டது. கோடையில் புல் பற்றி எரியாமலிருக்கத் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, தீ பிடித்தால் ஏறிப்போய்க் கிளைகளால் அடித்து அணைப்பது என்று உள்ளூர் ஆட்கள் இதில் உடம்பைச் செலவழித்திருக்கிறார்கள். வேர் பிடித்த சரிவில் மழை ஊறி மெதுவாக இறங்கும். மொட்டைச் சரிவில் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கும். மரம் நடுகிறவர்கள் சமுத்திரம் ஏரியின் கரையிலும் வேலை செய்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

கிரிவலப் பாதையின் அடியில் சின்னச் சின்னப் பாலங்கள் இருக்கின்றன. காரில் போனால் தெரியாது, சைக்கிளில் ஒரு சிறு தூக்கலாகத் தெரியும். தெரிந்த இடத்திலெல்லாம் இறங்கிக் குனிந்து பார்த்தேன். பௌர்ணமிக்கு மறுநாள் ஒரு பாலத்தின் வாயில் அன்னதானத் தட்டுகளும் டீக் கப்புகளும் தண்ணீர் பாக்கெட்டுகளும் அடைத்துக் கிடந்தன. தூய்மைப் பணியாளர் ஒரு அம்மா நீளக் கம்பியால் அவற்றை இழுத்து இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். "மேல இருக்கிறத வாரிடலாம். உள்ள போனதுதாம்மா கஷ்டம்" என்றார். புண்ணியம் தேடி வந்தவர்கள் போட்ட தட்டு, மலையின் தண்ணீரை மறிக்கிறது. அன்னதானம் கொடுக்கிறவர்கள் தையல் இலைக்கு மாறினாலே அந்த அம்மாவின் வேலை பாதியாகும்.

எழுதாமல் விட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1-ஆம் தேதி மலை சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் மண்ணும் பாறையும் இறங்கின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த வருடம் மகாதீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. அந்தப் பகுதியை நோக்கிப் போகும் தெருக்களில் ஏற்றம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் சைக்கிளை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். துக்க வீட்டை வேடிக்கை பார்க்கக் கூடாது என்று அந்தத் தெருவுக்குள் நான் போகவில்லை. கீழே நின்று பார்த்தபோதே தெரிந்தது: வீடுகள் மலையின் மடிப்புக்குள் ஏறிப்போயிருக்கின்றன. ஏறிப்போனவர்கள் கீழே மனை வாங்க முடியாதவர்கள். சமதரையில் நிலத்தின் விலை ஏற ஏற, ஏழைகள் மலை மேல் ஏறுகிறார்கள். பௌர்ணமிக் கூட்டம் பெருகப் பெருக நில விலை ஏறுகிறது. வருகிற நாமும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.

இன்னொரு காலையில் வடகிழக்கே வேலூர் சாலையில் வேங்கிக்கால் வரை போனேன். கலெக்டர் அலுவலகம் அந்தப் பக்கம்தான். மழை வலுத்தால் வேங்கிக்கால் ஏரி நிரம்பி, உபரி நீர் சாலைக்கு வந்துவிடுகிறது. தெற்கே ஏரிக்குத் தண்ணீர் வருவதில்லை, வடக்கே வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்ட ஊர் இது. மலையிலிருந்து ஏரிகள் வரை ஒவ்வொரு ஓடையையும் அளந்து, கல் நட்டு, அங்கே மனை போட அனுமதியில்லை என்று பலகை வைப்பதைத்தான் முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

திரும்பும் வழியில் எட்டரை மணிக்குச் சாலை முழுக்க அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கி, 2005-ல் எல்லோருக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டத்தின் பிள்ளைகள். என் சொந்த மாவட்டமான புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியபோது கற்றுக்கொண்டவர்களில் என் சித்தியும் ஒருவர். எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். தனியாக ஒரு பெண் விடியற்காலையில் தெரியாத ஊரில் சைக்கிள் மிதிப்பதை இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை நன்றியோடு குறித்துவைக்கிறேன்.

வேலையாக இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு: ஐந்தரைக்குக் கிளம்புங்கள், ஏழரைக்கு மேல் செங்கம் ரோட்டில் கிருஷ்ணகிரி லாரிகள் வந்துவிடும். பௌர்ணமியும் தீபமும் இல்லாத நாளாகப் பாருங்கள். பிரேக்கைச் சோதிக்காமல் பே கோபுரத்திலிருந்து இறங்காதீர்கள்.

சைக்கிளுக்கு எட்டாத தூரத்தில், தென்பெண்ணையில் சாத்தனூர் அணை இருக்கிறது. வ.உ.சி. நகரில் மலை சரிந்த மறுநாள், விடியலுக்கு முன், அந்த அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. கீழே இருந்த ஊர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்க பஸ் ஏறினேன். அது அடுத்த வாரம்.

(தொடரும்)