நெஞ்சுக்குள் ஒரு போலீஸ் பள்ளி!

நடு மார்பில் கையை வையுங்கள். கெட்டியாக ஓர் எலும்பு தட்டுப்படுகிறது அல்லவா? அந்த எலும்புக்குப் பின்னால், இருதயத்துக்குச் சற்று மேலே, "தைமஸ்" என்ற சுரப்பி இருக்கிறது.

குழந்தைப் பருவத்தில் அது நன்றாக வளர்ந்திருக்கும். வயது ஏற ஏறச் சுருங்கும். கடைசியில் பெரும் பகுதி கொழுப்பாக மாறிவிடும்.

சுருங்கிப் போகிற சுரப்பியால் என்ன பயன்? டாக்டர்களுக்கே நெடுங்காலம் தெரியவில்லை.

1961-ம் ஆண்டில் அந்த ரகசியம் வெளியாயிற்று. கண்டுபிடித்தவர் ஜாக் மில்லர் என்ற இளம் விஞ்ஞானி. அவர் லண்டனில், எலிகளுக்கு வரும் ரத்தப் புற்று நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். அதற்காக, அப்போதுதான் பிறந்த எலிக்குட்டிகளின் தைமசை அறுத்து எடுத்தார்.

பல குட்டிகள் இளைத்தன. நோயில் விழுந்து செத்தன.

வேறு எலியின் தோலை எடுத்து அவற்றின் மேல் ஒட்டினார். சாதாரண எலியின் உடம்பு அயல் தோலை ஏற்காது. சில நாளில் உதிர்த்துவிடும். இந்த எலிகளிலோ அது ஒட்டிக் கொண்டது! "இது என் தோல் அல்ல" என்று சொல்ல அந்த உடம்புக்குத் தெரியவில்லை.

100-க்கு 95 பேர் "பெயில்"!

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவைதான் உடம்பின் போலீஸ் படை. அந்தப் படையில் முக்கியமான ஒரு பிரிவுக்கு "டி அணு" என்று பெயர். தைமசில் பயிற்சி பெறுவதால்தான் அந்தப் பெயர்.

பயிற்சி மிகக் கடுமையானது. "சொந்த உடம்பைத் தாக்குவாயா?" என்பதுதான் முக்கியமான பரீட்சை. தாக்குகிற அணுவுக்கு அங்கேயே மரணம். எதையும் அடையாளம் காணத் தெரியாத அணுவுக்கும் அதே கதிதான். பள்ளியில் சேரும் அணுக்களில் 100-க்கு 95-க்கு மேல் உயிரோடு வெளியே வருவதில்லை!

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கட்டி வளர்ந்தால்?

மிக அபூர்வமாக அப்படியும் நடக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்தக் கட்டி வருகிறது. இதில் இரண்டு வகை முக்கியம். ஒன்று "தைமோமா". இது பெரும்பாலும் மெதுவாக வளரும். மற்றொன்று "தைமிக் கார்சினோமா". இது கொடிய புற்று நோய், வேகமாகப் பரவும்.

தைமோமாவுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. கட்டிக்குள்ளும் பள்ளிக்கூடம் நடக்கும். ஆனால் பரீட்சை ஒழுங்காக நடக்காது. "பெயில்" ஆகவேண்டியவர்களும் சட்டை மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். அதனால், தைமோமா வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குத் தசைத் தளர்ச்சி நோயும் வருகிறது. கண் இமை தொங்கும். சோறு விழுங்க முடியாது. சிலருக்கு மூச்சே திணறும்.

திருடன் கையில் "பாஸ்"

போலீஸ்காரர் அளவுக்கு மீறி அடித்துவிடக் கூடாது அல்லவா? அதற்கு உடம்பில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. உடம்பின் அணுக்கள் தேவைப்படும்போது "பி.டி.எல்.1" என்ற புரதத்தை மேலே அணிந்து கொள்ளும். அது ஒரு "பாஸ்" மாதிரி. அதைப் பார்த்ததும் டி அணு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். பாசைப் பார்க்கும் கண்ணுக்கு "பி.டி.1" என்று பெயர். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக் கழகத்தில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு 1992-ல் அதைக் கண்டுபிடித்தது. 2018-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

புற்று நோய் பலே திருடன். அதுவும் அதே பாசை அணிந்து கொள்கிறது!

பாசைப் பார்க்கும் கண்ணை மறைத்துவிட்டால்? போலீஸ் திருடனை உதைக்கும். "பெம்ப்ரோலிசுமாப்" என்ற மருந்து அதைத்தான் செய்கிறது. 2014-ல் அமெரிக்காவில், தோலில் வரும் ஒரு வகைப் புற்று நோய்க்கு அது முதலில் அனுமதிக்கப்பட்டது.

எல்லா நோயாளிக்கும் இந்த மருந்து பலிப்பதில்லை. யாருக்குப் பலிக்கும் என்று ஊகிக்க, கட்டியில் எத்தனை அணுக்கள் பாஸ் அணிந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.

மோப்ப நாய்

கட்டியின் சிறு துண்டை பார்மலினில் ஊற வைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய ஏடாகச் சீவுகிறார்கள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும்! அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். அதன் மேல் பி.டி.எல்.1 புரதத்தை மட்டுமே தேடிப் பிடிக்கும் திரவத்தை ஊற்றுகிறார்கள். மோப்ப நாய் மாதிரிதான். புரதம் இருக்கும் இடத்தில் பழுப்பு நிறம் ஏறும்.

பிறகு டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுகிறார். 100 புற்று அணுக்களில் எத்தனைக்குப் பழுப்பு விளிம்பு? 50 அல்லது அதற்கு மேல் என்றால் "அதிகம்" என்று பல ஆய்வாளர்கள் கணக்கு வைக்கிறார்கள்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் தைமஸ் கட்டியில் இது பெரிய தலைவலி! நோயே இல்லாத தைமசிலும் அந்தப் பாஸ் உண்டு. தைமோமாவில் புற்று அணுக்களுக்கு நடுவே, பள்ளிப் பிள்ளைகளான டி அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும். பழுப்பு விளிம்பு யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கண் பூத்துப் போகும். ஊசியால் குத்தி எடுத்த துண்டு சிறியது; கட்டியின் மறுபக்கம் வேறு மாதிரி இருக்கலாம்.

மோப்ப நாய்களும் ஒரே மாதிரி இல்லை. 22சி3, 28-8, எஸ்.பி.263, எஸ்.பி.142 என்று பல உண்டு. நுரையீரல் புற்று நோயில் இந்த நான்கையும் ஒப்பிட்ட முடிவு 2017-ல் வெளிவந்தது. முதல் மூன்றும் ஏறக்குறைய ஒரே கணக்கைக் கொடுத்தன. நான்காவது குறைவான அணுக்களையே பிடித்தது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எந்த நாய் மோப்பம் பிடித்தது என்றும் கேட்க வேண்டும்!

கண்ணை மறைத்தால் என்ன ஆயிற்று?

அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழக டாக்டர்கள், தைமிக் கார்சினோமா நோயாளிகள் 40 பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். 9 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிகள் அவர்கள். பாஸ் அதிகமாக இருந்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. எண்ணிய உழைப்பு வீண் போகவில்லை.

ஆனால் 6 பேருக்கு உடம்பின் போலீசே உடம்பைக் கடுமையாகத் தாக்கியது. அவர்களில் 2 பேருக்கு இருதயத் தசையே வீங்கிவிட்டது.

தென் கொரியாவில் அதே மருந்தை 26 கார்சினோமா நோயாளிகளுக்கும் 7 தைமோமா நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. கார்சினோமாக்காரர்களில் 4 பேருக்குக் கடுமையான தாக்குதல். தைமோமாக்காரர்களிலோ 7-க்கு 5 பேருக்கு!

ஏன் இந்த வித்தியாசம்? தைமோமாக்காரர்களின் உடம்பில் அரைகுறைப் பயிற்சி பெற்ற போலீஸ் முன்பே உலவுகிறது. அதன் கையைக் கட்டி வைத்திருந்ததில் அந்தப் பாசுக்கும் பங்கு உண்டு. மருந்து வந்து கண்ணை மறைத்ததும் திருடனோடு சேர்த்து வீட்டுக்காரனுக்கும் அடி! இருதயம், கல்லீரல், தசை எதுவும் தப்பவில்லை.

கட்டி கருணை காட்டுகிற மாதிரி ஆமையாய் வளரும் தைமோமாவில்தான் இந்த மருந்துக்கு ஆபத்து அதிகம் என்பது கொடுமையான வேடிக்கை. பழுப்பு நிறத்தைப் பார்த்து "பாஸ் நிறைய இருக்கிறது, மருந்தை ஏற்று" என்று அவசரப்பட்டால் உயிருக்கே மோசம் வரலாம். திருடன் எத்தனை பாஸ் வைத்திருக்கிறான் என்று அந்தச் சாயம் சொல்லும். போலீஸ்காரன் எப்படிப்பட்டவன் என்று சொல்லாது.

அதை அறிய ரத்தத்தைப் பார்க்கிறார்கள். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில், இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு மருந்தைத் தைமோமா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். சிலருக்குத் தசை வீங்கியது. அவர்களுடைய பழைய ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, மருந்து ஏற்றுவதற்கு முன்பே தசையைத் தாக்கும் எதிர்ப்பொருள் அதில் இருந்தது தெரிந்தது.

தைமஸ் கட்டியை அறுத்து எடுக்க முடிந்தால் அதுதான் இன்றும் முதல் வைத்தியம். பெம்ப்ரோலிசுமாப் தைமோமாவுக்கு ஆராய்ச்சிக்கு வெளியே பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. கார்சினோமாவுக்குக் கொடுக்கும்போதும், கண்ணாடித் தகட்டோடு ரத்தச் சோதனையும் இருதயச் சோதனையும் சேர்ந்தே நடக்கின்றன. "இரண்டு இரண்டாகத் தெரிகிறதா? மாடி ஏறினால் கால் சோர்கிறதா?" என்று கேட்கிறார்கள். நோயாளியை மேலே பார்க்கச் சொல்லி, இமை மெல்லக் கீழே இறங்குகிறதா என்று கவனிக்கிறார்கள்.